விருந்தா, பரீட்சையா?

"உஸ்! மெதுவாக வா. உள்ளே அமெரிக்காவில் ராத்திரி விருந்து நடக்கிறது" என்றார் சித்தப்பா.

மணி விடியற்காலை ஐந்தே முக்கால். 2023-ஆம் வருஷம், நவம்பர் மாதக் கடைசி. வெளியூர்க் காரியம் முடிந்து ரயிலை விட்டு இறங்கியவன், ஒரு வாய் நல்ல காப்பி கிடைக்குமே என்ற ஆசையில் மேற்கு மாம்பலத்தில் சித்தப்பா வீட்டுக் கதவைத் தட்டியிருந்தேன். காப்பிக்கு முன்னால் இந்த 'உஸ்' கிடைத்தது.

வீடு முழுவதும் மௌன விரதம் அனுஷ்டிப்பதுபோல் இருந்தது. சித்தி அடுப்பங்கரையில் ஓசைப்படாமல் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். குக்கர் வைக்கக் கூடாது. மிக்ஸிக்குத் தடை உத்தரவு. குழாயைக்கூட நூல்போலத்தான் திறக்க வேண்டுமாம். பால் பாக்கெட் போடுகிற பையன் மணியை அழுத்திவிடப் போகிறானே என்று சித்தப்பா அரை மணி நேரமாக வாசலிலேயே காவல் இருந்திருக்கிறார். அவனைத் தடுத்துவிட்டார், என்னைத் தடுக்க முடியவில்லை.

ஒருக்களித்திருந்த அறைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். என் தங்கை, அதாவது சித்தியின் பெண், மேஜைமுன் உட்கார்ந்திருந்தாள். மேலே கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கீழே பூப்போட்ட பழைய பாவாடை, ரப்பர்ச் செருப்பு. இடுப்புக்கு மேலே நியூயார்க்; இடுப்புக்குக் கீழே மேற்கு மாம்பலம்! எதிரே கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக இருபது முகங்கள். அவற்றில் ஒரு முகம் காகிதப் பெட்டியிலிருந்து எதையோ எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அங்கே அப்போது முந்தின நாள் இரவு ஏழேகால் மணி.

என் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். யாராவது ஏதாவது சொன்னாலும் சிரித்தாள், சொல்லாவிட்டாலும் சிரித்தாள். ஆறரை மணிக்குத் திரை அணைந்ததும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்து, "கன்னம் வலிக்கிறதண்ணா" என்றாள். கண்ணில் நீர் தளும்பி நின்றது.

"ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினேன். எல்லாரும் பேசுகிறார்கள். எந்த இடைவெளியில் நுழைவது என்றே தெரியவில்லை. ஒருத்தர் பாவம் பார்த்து, 'வேலை இல்லாதபோது பொழுதுபோக்காக என்ன செய்வீர்கள்?' என்று கேட்டார். 'படிப்பேன்' என்று சொல்லிவிட்டேன்."

"அதில் என்ன தப்பு?" என்றார் சித்தப்பா.

"அதற்கப்புறம் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, அப்பா."

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பரீட்சை எழுதச் சொன்னார்கள், எழுதினாள், தேறினாள். நாளைக்குப் பேட்டி என்கிறார்கள், சரி. நடுவில் இந்த விருந்துக்கு என்ன வேலை? அதுவும் சாப்பாடே இல்லாத விருந்து!"

சித்தப்பாவின் இந்தக் கேள்வியை வேறு சில பெற்றோர்களும் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் டாக்டர் பயிற்சிக்கு மனுப் போட்டிருக்கிறார்கள், பேட்டிக்கு முன்னால் 'சோஷியல்' என்று ஒன்றுக்கு அழைப்பு வருகிறது, 'கட்டாயமில்லை' என்று அதிலேயே போட்டிருக்கிறது, போகவேண்டுமா, வேண்டாமா? போகாவிட்டால் இடம் போய்விடுமா? ஆகவே இந்த வாரம் அதைப் பற்றியே எழுதிவிடலாமென்று உட்கார்ந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் வைத்தியப் பட்டம் பெற்றுவிட்டால் மட்டும் போதாது. ஏதாவதோர் ஆஸ்பத்திரியில் 'ரெஸிடென்ட்' டாக்டராகப் பயிற்சி பெற வேண்டும். பொது வைத்தியத்துக்கும் குழந்தை வைத்தியத்துக்கும் மூன்று வருஷம். பொது ரணசிகிச்சைக்கு ஐந்து வருஷம். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்துப் பல வருஷம் வைத்தியம் பார்த்தவர்களும் பொதுவாக அங்கே போனால் மறுபடி ரெஸிடென்ட்தான். யு.எஸ்.எம்.எல்.இ. என்ற பரீட்சைகளில் தேறி, செப்டம்பரில் மனுப் போட்டால், அக்டோபரிலிருந்து ஜனவரி வரையில் பேட்டிகள் நடக்கும். அந்தப் பேட்டிக்கு முந்தின நாள் மாலையிலோ, அதை ஒட்டி வேறொரு மாலையிலோ நடப்பதுதான் இந்தச் சந்திப்பு. இதற்குப் பேராசிரியர்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள். அங்கே ஏற்கெனவே பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்கள்தான் விருந்தாளிகளை உபசரிப்பவர்கள்.

2020-ஆம் வருஷத்துக்கு முன்னால் இது நிஜமான விருந்தாகத்தான் இருந்தது. பேட்டிக்கு வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலுள்ள ஹோட்டலுக்கு ரெஸிடென்டுகள் அழைத்துப் போவார்கள். பில்லை ஆஸ்பத்திரி கொடுத்துவிடும். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பன் ஒருவன் 2014-ஆம் வருஷம் ஜனவரி மாதம் இப்படிப்பட்ட விருந்துகள் எட்டுக்குப் போய் வந்தவன். இப்போது ஒஹையோ மாகாணத்தில் பெரிய டாக்டர். அவன் சொன்ன கதையைக் கேட்டால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாது.

விமானக் கட்டணத்துக்கு அவன் தகப்பனார் கடன் வாங்கியிருந்தார். அங்கே தூரத்து உறவினர் ஒருவர் வீட்டு மாடியில் ஜாகை. ஊருக்கு ஊர் கிரேஹவுண்ட் பஸ்ஸில் பிரயாணம். ஒரு நாள் பதினோரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, பஸ் நிலையத்துக் குளியலறையிலேயே கோட்டு மாற்றிக்கொண்டு, முழங்கால் அளவு பனியில் நடந்து ஹோட்டலைக் கண்டுபிடித்து நுழைந்தால், அது மாட்டிறைச்சிக்கென்றே பேர்போன ஹோட்டல்! நண்பனோ சுத்த சைவம். ரொட்டித் துண்டையும் கீரையிலையையும் வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றையும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டியிருக்கிறான்.

"அந்த உருளைக்கிழங்கை எத்தனை துண்டாக நறுக்கினேன் தெரியுமா? அறுவை சிகிச்சையில்கூட அவ்வளவு நுணுக்கம் காட்டியதில்லை" என்பான்.

ஆனால் அந்த மேஜையில் நடந்த இன்னொரு விஷயத்தை அவன் மறக்கவில்லை. பேட்டிக்கு வந்த வாலிபர் ஒருவர், மெத்தப் படித்தவர், சாதுரியமாகப் பேசுகிறவர். ரெஸிடென்டுகளிடம் தேனாகக் குழைந்தார். ஆனால் தண்ணீர் கொண்டுவர நேரமான பரிசாரகப் பெண்ணைச் சொடக்குப் போட்டு அழைத்தார். மேஜை ஒரு கணம் அடங்கிப்போயிற்று. பிறகு பேச்சுத் தொடர்ந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் என் நண்பன் வேலைக்குச் சேர்ந்தபோது, சீனியர் ஒருவர் சொன்னாராம்: "அன்றைக்கு யாருக்கும் மார்க் போடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தச் சொடக்கைப் பற்றித்தான் பேசினோம்."

இதுதான் உங்கள் கேள்விக்கு என் பதிலில் பாதி. 'இந்தச் சந்திப்பில் உங்களை மதிப்பிட மாட்டோம்' என்று பல இடங்களில் வாக்குக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் மனப்பூர்வமாகவே கொடுக்கிறார்கள். நன்றாகப் பேசினார் என்பதற்காக மார்க் ஏறுவது அபூர்வம். பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதற்காக மார்க் குறைவதும் அபூர்வம். ஆனால் மனிதர்களுக்குக் கண்ணும் காதும் இருக்கின்றன. அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு யாரும் விருந்துக்கு வருவதில்லை. அளவுக்கு மீறிக் குடித்தவர், பிற ஆஸ்பத்திரிகளைத் தூற்றியவர், மற்ற மனுதாரர்களை வாயைத் திறக்கவிடாமல் அடித்தவர் ஆகியோரைப் பற்றிய பேச்சு எப்படியாவது மறுநாள் மேலிடத்துக்குப் போய்விடும். ஒருவேளை வருகிற மூன்று வருஷம் ராத்திரி ட்யூட்டியில் பக்கத்தில் நிற்கப் போகிறவரைப் பற்றி அவர்களுக்கு அபிப்பிராயமே இருக்கக் கூடாதென்றால் எப்படி?

பதிலின் மறுபாதிதான் முக்கியம். அது அநேகருக்குத் தெரிவதில்லை. என் தங்கைக்கும் தெரியவில்லை.

சித்தி அன்று காலை காப்பியை ஆற்றிக்கொண்டே, "இது நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலம் மாதிரிதானே? பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதிலாக ரொட்டி" என்றாள். சித்தி பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனால் இரண்டு கணித மேதைகள் கண்டுபிடித்த விஷயத்தைக் காப்பி ஆற்றுகிற நேரத்தில் சொல்லிவிட்டாள்!

விளையாட்டில்லை. பேட்டிகள் முடிந்தபின் அங்கே நடக்கும் காரியத்துக்கு 'மாட்ச்' என்றே பெயர். அதாவது ஜோடி சேர்ப்பது. 1940-களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, படிப்பு முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே மாணவர்களைப் பிடித்துப் போட ஆரம்பித்தன. பிறகு தேதியைக் கட்டுப்படுத்தினார்கள். உடனே தந்தி மேல் தந்தி பறந்தது. சில மணி நேரத்துக்குள் 'சரி' என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் போச்சு! இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் 1952-ஆம் வருஷத்தில் மாட்ச் முறை வந்தது. மனுதாரர் தமக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தி ஒரு ஜாபிதா கொடுக்கிறார். ஆஸ்பத்திரியும் தனக்குப் பிடித்த மனுதாரர்களை வரிசைப்படுத்தி ஒரு ஜாபிதா கொடுக்கிறது. இரண்டையும் வைத்து யந்திரம் முடிச்சுப் போடுகிறது. 1962-ஆம் வருஷம் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு கணித நிபுணர்கள் இதேபோன்ற வழியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பிலேயே கல்யாணம் வருகிறது! ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் வரிசைப்படுத்திக் கொடுத்தால், பின்னால் யாரும் யாரோடும் ஓடிப்போக முகாந்திரமில்லாதபடி கல்யாணம் செய்துவைப்பது எப்படி என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. ஷாப்லிக்கும், மாட்ச் முறையைப் பிற்பாடு திருத்தியமைத்த ஆல்வின் ராத் என்பவருக்கும் 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. சித்திக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே மணப்பெண்ணின் ஜாபிதாவிலிருந்துதான் யந்திரம் ஆரம்பிக்கிறது. அவள் முதலாவதாக எழுதிய இடத்தில் முதலில் முயன்று பார்க்கும், அங்கே கொள்ளாவிட்டால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. எட்டாத கொம்பை முதலில் எழுதிவிட்டாள் என்பதற்காக இரண்டாவது இடம் கைநழுவிப் போகாது. ஆகவே அவர்கள் நம்மை எடுப்பார்களோ மாட்டார்களோ என்ற ஊகத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தன் மனசுக்குப் பிடித்த வரிசையிலேயே எழுதுவதுதான் புத்திசாலித்தனம். ஒருமுறை முடிச்சு விழுந்துவிட்டால் இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள். பிடிக்கவில்லை என்று மறுநாள் திரும்பிவிட முடியாது.

அப்படியானால் மனசுக்கு எது பிடிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லா ஆஸ்பத்திரியின் விளம்பரத்திலும் ஒரே மாதிரி டாக்டர்கள் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். பேட்டியிலோ பேராசிரியர் கேட்பார், நாம் பதில் சொல்வோம். அந்த வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கிறவர்களிடம் நாமே கேள்வி கேட்கக் கிடைக்கிற நேரம் இந்த ஒரு மணிதான். என் தங்கை அதைத் தன் பரீட்சை என்று எண்ணிச் சிரித்தே கழித்துவிட்டாள். உண்மையில் அன்று பரீட்சை எழுத வேண்டியது ஆஸ்பத்திரி!

இதை அவளுக்குப் போனில் விளக்கியவன் என் ஒஹையோ நண்பன்தான். அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை நாள், ஆராய்ச்சிக்கு வசதி உண்டா, விசா கொடுப்பார்களா... "அம்மா, இதெல்லாம் அவர்களுடைய வெப்சைட்டில் இருக்கும், விசா விஷயத்தைக் காரியாலயத்துக்கு எழுதிக் கேள். பாவம், ரெஸிடென்டுகளுக்கு அது தெரியாது" என்று சொல்லி முப்பத்தெட்டை அடித்துவிட்டான். "அவர்களுக்கு மட்டுமே தெரிந்ததைக் கேள். கடைசியாக இங்கே யாருக்குக் காய்ச்சல் வந்தது, அவர் வேலையை யார் பார்த்தார்கள் என்று கேள். பதிலைக் கேட்காதே, முகத்தைப் பார்."

"அப்புறம் அந்தப் பொழுதுபோக்குக் கேள்வி?" என்று கேட்டாள் தங்கை. பாவம், அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் நம்மவர்களுக்காக நான் கொஞ்சம் பரிந்து பேச வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ட்யூஷன். பன்னிரண்டாம் வகுப்பில் டெலிவிஷனுக்குப் பூட்டு. அப்புறம் ஐந்தரை வருஷம் பிணவறையும் வார்டும். நாமே அந்தப் பெண்ணின் பொழுதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, பிறகு அதை எப்படிப் போக்குகிறாய் என்று கேட்டால் அவள் எங்கே போவாள்? சித்தப்பாவின் யோசனை, வீணை என்று சொல்லிவிடலாம் என்பது. "வாசித்துக் காட்டு என்றால்?" என்று சித்தி கேட்டதும் அது கைவிடப்பட்டது.

அடுத்த சந்திப்பு டிசம்பர் மாதம். அதே விடியற்காலை, அதே கோட்டு, அதே பாவாடை. அதே கேள்வியும் வந்தது. வேறு ஒன்றும் தோன்றாமல் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்: "நான் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக ரோட்டில் நடக்கிறவர்களைப் பார்ப்பேன். நடையை வைத்து அவருக்கு என்ன வியாதி என்று ஊகிப்பேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும். தப்பா, சரியா என்று மட்டும் தெரியவே தெரியாது!"

ஒரு கணம் நிசப்தம். பிறகு ரெஸிடென்டுகள் நால்வரும் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் என்றார் ஒருவர், விமான நிலையத்தில். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கிழவரின் கையைப் பார்த்து, என் மனைவி முறைக்கிற வரையில் பின்னாலேயே போனேன் என்றார் இன்னொருவர். அந்தப் பேச்சு பத்து நிமிஷம் ஓடியது. வெளியே கதவோரம் நின்ற சித்தப்பா என் காதில், "என்னடா, சிரிக்கிறார்கள்? நல்லதா, கெட்டதா?" என்று கவலையோடு கேட்டார்.

அந்தத் துணிச்சலில் அவள் காய்ச்சல் கேள்வியையும் கேட்டாள். அந்த இடம் அமெரிக்காவின் வடகோடியில் ஒரு சின்ன ஊர். உலக வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். ஒரு பெண் ரெஸிடென்ட் பதில் சொன்னார்: "ஜனவரியில் இங்கே சூரியனைப் பார்க்க முடியாது. கார் இல்லாவிட்டால் பால் வாங்கக்கூடப் போக முடியாது. இதையெல்லாம் மறைக்க மாட்டேன். ஆனால் போன வருஷம் என் தாயார் இறந்தபோது, இரண்டு வாரம் என் வேலையை இவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது யாரும் அதைக் கணக்குப் பார்க்கவில்லை." பக்கத்துக் கட்டத்திலிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்து நாள் கழித்து இன்னொரு சந்திப்பு. இது பெரிய பட்டணம், பெரிய பெயர். இங்கேயும் அதே கேள்வி. ரெஸிடென்டுகள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதற்கெல்லாம் ஏற்பாடு இருக்கிறது" என்றார் ஒருவர். "இங்கே யாரும் அதிகம் லீவு எடுப்பதில்லை" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் பேச்சை மாற்றி, ஊரிலுள்ள ஹோட்டல்களின் பெருமையை வர்ணிக்க ஆரம்பித்தார். அமெரிக்காவில் ரெஸிடென்டுகளை வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாதென்று 2003-ஆம் வருஷத்திலிருந்து விதி இருக்கிறது. நான்கு வாரச் சராசரியில் கணக்குப் பார்ப்பார்கள். விதி எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒன்றுதான். கணக்கை உள்ளபடி எழுதுகிறார்களா, 80-க்குள் அடங்கும்படி எழுதுகிறார்களா என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. மூன்று பேர் பார்த்துக்கொள்கிற பார்வை சொல்லிவிடும்.

பிப்ரவரிக் கடைசியில் ஜாபிதா கொடுக்க வேண்டிய இரவு வீட்டில் பெரிய யுத்தம். அவளுக்கு மொத்தம் கிடைத்தவை ஏழு பேட்டிகள். பெரிய பெயர்க்காரரை ஏழாவதாக எழுதியிருந்தாள்.

"ஏழாவதா! அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நம் பாங்கு மானேஜர்கூடக் கேள்விப்பட்டிருக்கிறாரே! நாலு பேர் கேட்டால் என்னவென்று சொல்வேன்?" என்றார் சித்தப்பா.

"நாலு பேரா அங்கே ராத்திரி ட்யூட்டி பார்க்கப் போகிறார்கள், அப்பா?"

சித்தப்பாவின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் படித்த மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இடம் கிடைக்கிறது. வெளிநாட்டுப் பட்டதாரிகளில், அமெரிக்கப் பிரஜைகளல்லாதவர்களுக்கு 2023, 2024 வருஷங்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் சற்றுக் குறைவாகத்தான் கிடைத்தது. அவ்வளவு தூரம் வந்து, வலிய வருகிற லட்சுமியை உதைப்பதா என்பது அவர் கவலை. கடன் வாங்கியவர் அவர். 'அந்த இடத்தை அடியோடு அடித்துவிடட்டுமா?' என்றுகூட ஒரு சமயம் தங்கைக்குத் தோன்றியது. ஒஹையோ நண்பன் தடுத்தான். "அங்கே போவதைவிட ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருப்பது மேல் என்று தோன்றினால் அடி. இல்லாவிட்டால் கடைசியில் இருக்கட்டும், இருந்தால் நஷ்டமில்லை" என்றான். இருந்தது. சித்தப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

2024 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பதரை மணி. திங்கட்கிழமையே 'இடம் உண்டு' என்று மட்டும் செய்தி வந்திருந்தது. எங்கே என்று வெள்ளிக்கிழமைதான் சொல்வார்கள். நாலு நாள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கடிதத்தைத் திறந்தாள். முதலாவதாக எழுதிய இடம் அல்ல. இரண்டாவதாக எழுதியிருந்த, ஜனவரியில் சூரியன் வராத அந்தச் சின்ன ஊர். சித்தி பூஜை அறைக்கு ஓடினாள். சித்தப்பா வரைபடத்தையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இனி, கடிதம் எழுதிய பெற்றோர்களுக்குச் சில உபரி விஷயங்கள். சந்திப்புக்குப் போகச் சொல்லுங்கள். வார்டில் ட்யூட்டி, உடம்பு சரியில்லை, வேறு பேட்டி என்றால் இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். 'கட்டாயமில்லை' என்பது அந்த மட்டில் உண்மையே. 2020-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்க்குப் பிறகு பெரும்பாலான பேட்டிகளும் சந்திப்புகளும் கம்ப்யூட்டர் வழியாகவே நடக்கின்றன. விமானக் கட்டணம் மிச்சம். உருளைக்கிழங்கு நறுக்கும் சங்கடமும் இல்லை. நேரில் கூப்பிடுகிற சில இடங்களில் மது பரிமாறினால், வேண்டாமென்றால் வேண்டாம்தான்; யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கேட்டால், அதுவே அந்த இடத்தைப் பற்றி ஒரு தகவல். 'எங்களை எத்தனையாவதாக எழுதப் போகிறாய்?' என்று அவர்கள் கேட்கக் கூடாதென்று மாட்ச் விதியே இருக்கிறது. கல்யாணம், குழந்தை பற்றியும் பேட்டியில் விசாரிக்கக் கூடாது. இந்த விதியை நம் ஊர்க் கல்யாணப் பந்திக்கும் கொண்டுவந்தால் எத்தனை பெண்கள் வாழ்த்துவார்கள்!

தங்கை 2024 ஜூலையில் வேலையில் சேர்ந்தாள். போன் செய்தால் பாதி வார்த்தையில் தூங்கிவிடுகிறாள். சொன்னபடியே சூரியன் வரவில்லை. ஒரு நாள் மழுக்கென்று அழுதாள். நல்ல ரசம் வேண்டுமாம். காய்ச்சல் வந்தபோது அவள் வேலையை வேறொருவர் பார்த்தார் என்பதையும் சொன்னாள்.

அந்த வருஷம் நவம்பரில் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். குரலில் குதூகலம். புதிய மனுதாரர்களுக்கான சந்திப்பில் அன்று உபசரிக்கும் முறை அவளுடையதாம். இருபது கட்டங்கள், அதில் ஒன்றில் ஒரு பையன். இந்தியாவில் எந்த ஊரோ தெரியவில்லை. புதுக் கோட்டு. அரை மணி நேரமாக வாயைத் திறக்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தான். கன்னம் வலிக்குமே என்று இவளுக்கு வலித்ததாம். திடீரென்று அவன் பின்னாலிருந்து 'உஸ்ஸ்ஸ்' என்று குக்கர் விசில் கிளம்பியது. பையன் முகம் வெளுத்துவிட்டது. ஒலியை அணைக்கத் தடவுகிறான். பதற்றத்தில் பித்தான் அகப்படவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ யாரையோ கிசுகிசுப்பாகத் திட்டுவதும் கேட்டது.

"நீ என்ன செய்தாய்?" என்றேன்.

"'இன்னும் எத்தனை விசில் பாக்கி?' என்று கேட்டேன், அண்ணா."

"அவன்?"

"அப்போதுதான் முதல் தடவையாகப் பேசினான். 'இரண்டு' என்றான்."